மடித்த அப்பத்துக்குள் ஒரு மக்களின் கதை



பசார் மாலாமில் பாண்டான் சாறு கலந்த பச்சை அப்பத்துக்குள் இனிப்புத் தேங்காய்ப்பூவை வைத்துச் சுருட்டி விற்பார்கள். நீங்களும் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே உருவத்தில், உலகின் வேறொரு மூலையில் பிறந்த பலகாரம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பிளின்ட்ஸ்’. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூத மக்களின் பண்டிகைப் பலகாரம் அது.

போலந்து, உக்ரேன், லித்துவேனியா, ரஷ்யா ஆகிய இடங்களில் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். தையல், செருப்புத் தைத்தல், சில்லறை வியாபாரம் என்று அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்களே அவர்களில் மிகுதி. ரஷ்யப் பேரரசில் அவர்கள் எங்கே குடியிருக்கலாம் என்பதைக்கூடச் சட்டமே வரையறுத்தது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்துவர்கள் தவக்காலத்துக்கு முந்திய வாரத்தில் ‘பிளின்’ என்ற அப்பம் சுடுவார்கள். மாவு அரைப்பதைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த அப்பத்தையும் பெயரையும் யூதத் தாய்மார்கள் தம் அடுப்படிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால், வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. மாவைப் புளிக்கவைக்காமல் மெல்லியதாக ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தார்கள். வெந்த பக்கத்தில் பாலாடைக்கட்டியை வைத்து, நான்கு புறமும் கடித உறைபோல மடித்து, மீண்டும் வெண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டார்கள். பாலையும் இறைச்சியையும் ஒன்றாக உண்ணலாகாது என்பது யூதர் வேதநெறி. ஆகவே இறைச்சி வைத்துச் செய்தால் வெண்ணெய் கிடையாது. அப்பத்தில் பாலும் கிடையாது!

இதற்குரிய பெருநாள் ‘ஷாவுவோத்’. மே அல்லது ஜூன் மாதத்தில் வரும். சினாய் மலையில் மோசே வழியாக இறைவன் தம் கட்டளைகளை அருளியதை நினைவுகூரும் நாள். பழங்காலத்தில் கோதுமை அறுவடைத் திருநாளும் அதுவே. அன்று பால் உணவு ஏன்? பெரியவர்கள் பல காரணம் சொல்வார்கள். கட்டளைகள் கிடைத்த அன்று, முறைப்படி அறுத்த இறைச்சி கைவசம் இல்லாததால் மக்கள் பால் உணவை உண்டார்கள் என்பது ஒன்று. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. பாலைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 40 வரும். மோசே மலைமேல் இருந்ததும் 40 நாள் அல்லவா என்பார்கள். இரண்டு பிளின்ட்ஸை அருகருகே வைத்தால் கட்டளைகள் எழுதிய இரு கற்பலகைகள்போல் தோன்றும் என்பவர்களும் உண்டு. அந்தக் குளிர் நாடுகளில் புல் தழைத்துப் பால் பெருகும் பருவம் அது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அப்பெருநாளில் ரூத் என்னும் பெண்ணின் வரலாற்றை வாசிப்பார்கள். ரூத் வேற்று இனத்தவள், கணவனை இழந்தவள். விதவையான மாமியார் நகோமியைத் தனியே விட மனமில்லாமல், அவளோடு பெத்லகேமுக்கு வந்தாள். பிறர் வயலில் அறுவடைக்காரர் பின்னே சென்று, சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டாள். வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பது அவர்கள் வேதத்தின் கட்டளை. பிறர் நிலத்தில் வேர்வை சிந்திய குடும்பங்களுக்கு இதன் அருமை புரியாமலா போகும்?

1880 முதல் 1924 வரை, வறுமையும் கலவரமும் துரத்த, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்கா சென்றார்கள். பிளின்ட்ஸும் கூடவே சென்றது. நியூயார்க்கில் பால் உணவு மட்டுமே பரிமாறும் கடைகள் தோன்றின. ஊரிலேயே தங்கியவர்களின் கதி வேறு. 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரின்போது ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தார்கள். எத்தனையோ சிற்றூர்களில் ஒரு யூதக் குடும்பம்கூட மிஞ்சவில்லை. வீடும் போயிற்று; தெருவும் போயிற்று. பாட்டியின் கைப்பக்குவம் மட்டும் கடல் கடந்த பேத்திகளின் அடுப்பில் உயிர் வாழ்கிறது.

செய்து பார்க்க விரும்பும் இல்லத்தரசிகளுக்கு: 1 கிண்ணம் கோதுமை மாவு, 3 முட்டை, ஒன்றேகால் கிண்ணம் பால், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். காய்ச்சிய பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவைத்து, துணியில் கட்டி நீரை வடியுங்கள். திரண்டதில் சிறிது சர்க்கரை சேர்த்துப் பிசைந்தால் பூரணம் தயார். அப்பத்தை மெல்லியதாக ஊற்றி, மேலே சொன்னபடி மடித்துச் சுடுங்கள்.

பிள்ளைகள் சுடச்சுடக் கேட்டு வாங்கும்போது, இந்தக் கதையையும் சேர்த்துப் பரிமாறுங்கள். மாவை அண்டை வீட்டார் தந்தார்கள். அதற்குப் பொருளைத் தந்தவர்கள் அந்தத் தாய்மார்கள்.