தம்பி ஜியாலஜி படிக்கணும்னு சொல்றான்... ஃபீஸ் கட்டலாமா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்!



வீட்ல முதல்ல சம்பளம் வாங்க ஆரம்பிச்சது நீங்கதான்னா, இந்த சீன் உங்களுக்குப் புதுசா இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. தம்பி, "பி.எஸ்சி. ஜியாலஜி சேரப் போறேன்"னு சொல்றான். அப்பா, "அதைப் படிச்சிட்டு கல்லு பொறுக்கப் போறியா?"ன்னு கேக்குறார். பெரியப்பா போன்ல, "இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் கோட்டால சீட் பேசி வாங்கிடலாம்"னு சொல்றார். கடைசியில எல்லாரும் திரும்பிப் பார்க்குறது உங்களைத்தான். ஏன்னா பணம் கட்டப் போறது நீங்க.

கோபப்படாம, பயப்படாம, இதை ஒரு முதலீடா எடுத்துப் பார்ப்போம். எந்தப் படிப்பா இருந்தாலும் மூணு கேள்வி போதும்.

கேள்வி 1: இந்தப் படிப்பு இருந்தா மட்டுமே திறக்கிற கதவு இருக்கா?

ஜியாலஜிக்கு இருக்கு. யூபிஎஸ்சி நடத்துற ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு அதுல ஒண்ணு. 1851-ல் தொடங்கின இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதுல இருந்துதான் ஆள் எடுக்குறாங்க. ஜியாலஜிஸ்ட் பதவிக்கு அந்தத் துறையில முதுகலைப் பட்டம் வேணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. வெச்சு விண்ணப்பிக்க முடியாது. குரூப் ஏ வேலை. 7-வது ஊதியக் குழு கணக்குல அடிப்படைச் சம்பளம் மட்டும் 56,100 ரூபாய். ஓஎன்ஜிசி, கோல் இந்தியா மாதிரி நிறுவனங்களும் ஜியாலஜிஸ்ட் எடுக்குறாங்க.

புள்ளியியலுக்கும் இதே கதைதான். இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் சர்வீஸ் தேர்வு எழுத, டிகிரியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பாடமா இருக்கணும்.

ஆனா உண்மையையும் சொல்லிடறேன். இடங்கள் குறைவு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஜியாலஜியில பி.எஸ்சி.யோட நிறுத்தினா பெரிய கதவு எதுவும் திறக்காது, எம்.எஸ்சி. கட்டாயம். வேலை கிடைச்ச பிறகும் வருஷத்துல பல மாசம் காடு மேடுன்னு ஃபீல்டு கேம்ப் இருக்கும். தம்பிகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க.

கேள்வி 2: வேலை கொடுக்கிற ஊர் பெயரைச் சொல்ல முடியுமா?

"ஸ்கோப் இருக்கு"ன்னு பொதுவா சொன்னா நம்பாதீங்க. ஊர் பெயர் கேளுங்க. உதாரணத்துக்கு லெதர் டெக்னாலஜி. அண்ணா பல்கலைக்கழக ஏ.சி. டெக்ல இந்தப் படிப்பு இருக்கு; பக்கத்துலயே அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. வேலை எங்கேன்னு கேட்டா ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடின்னு வரிசையா சொல்லலாம். செய்யாறு பக்கம் பிராண்டட் ஷூ தயாரிக்கிற தொழிற்சாலைகளும் இருக்கு. இப்படி மேப்ல விரல் வெச்சுக் காட்ட முடியாத படிப்புன்னா கொஞ்சம் யோசிங்க.

கேள்வி 3: நினைச்சது நடக்கலைன்னா எவ்வளவு நஷ்டம்?

இதுதான் முக்கியமான கேள்வி. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, பேங்க் பி.ஓ., எஸ்எஸ்சி சிஜிஎல் எல்லாத்துக்கும் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும். அதாவது, ஜியாலஜி கைகொடுக்கலைன்னாலும் உங்க தம்பி பி.காம். படிச்சவரோட ஒரே வரிசையிலதான் நிப்பான். பின்னாடி போயிட மாட்டான்.

இப்போ செலவுக்கு வருவோம். அரசு கலைக் கல்லூரியில வருஷக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். பெரியப்பா சொன்ன சீட்டுக்கு 8 லட்சம் கல்விக் கடன் வாங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். 10.5% வட்டி, 7 வருஷம். மாச இஎம்ஐ சுமார் 13,490 ரூபாய். மொத்தம் கட்டுறது 11.33 லட்சம்; அதுல வட்டி மட்டும் 3.33 லட்சம். படிக்கிற காலத்துல ஏறுற வட்டி தனி.

"எம்.எஸ்சி. முடிக்க 5 வருஷம் ஆகுமே, இன்ஜினியரிங் 4 வருஷம்தானே?" நியாயமான கேள்வி. அந்த ஒரு வருஷத்துல மாசம் 25,000 சம்பாதிச்சிருந்தா 3 லட்சம். அந்த லோனோட வட்டியே அதைவிட அதிகம்!

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்

முதல்ல வரி. கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வரைக்கும் வரிக் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையில மட்டும். அதுவும் உங்களுக்காக, கணவன் அல்லது மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, இல்லைன்னா நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்காக வாங்கின கடனுக்குத்தான். தம்பி, தங்கச்சிக்காக வாங்கினா கிடையாது. நிறைய பேர் இதைத் தெரியாம டாக்ஸ் பிளான் போட்டுடறாங்க.

ரெண்டாவது சிபில். நீங்க கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்துப் போட்டா, அது உங்க கடனும்தான். நாளைக்கு நீங்க ஹோம் லோன் கேக்கும்போது அந்த 13,490-ஐயும் கழிச்சுட்டுத்தான் உங்க தகுதியைப் பார்ப்பாங்க. தம்பி ஒரு மாசம் கட்டத் தவறினா, உங்க ஸ்கோரும் இறங்கும்.

அதுக்காக இன்ஜினியரிங் வேண்டாம்னு சொல்லலை. நல்ல காலேஜ்ல கவுன்சிலிங் மூலமா, குறைஞ்ச ஃபீஸ்ல கிடைச்சா தாராளமா சேருங்க. படிப்போட பெயருக்கு மட்டும் 8 லட்சம் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பக்கத்துல உக்கார வெச்சு, இந்த மூணு கேள்விக்கும் அவனையே ஒரு பேப்பர்ல பதில் எழுதச் சொல்லுங்க. மூணுக்கும் தெளிவா பதில் இருந்தா, அப்பாகிட்ட நீங்களே பேசுங்க. நீங்க சொன்னா அப்பா கேப்பார். ஏன்னா இப்போ வீட்ல கணக்கு போடுறது நீங்கதான்.