பாலைவனத்தில் ஒரு மருத்துவமனை

2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள். இராஜஸ்தானத்தில் உள்ள பலோடி என்னும் ஊரில் வெப்பமானி 51 டிகிரி செல்சியஸைக் காட்டியது. அன்றுவரை இந்தியாவில் பதிவான வெப்பநிலைகளுள் அதுவே மிக உயர்ந்தது.

இத்தகைய நாளில் அந்த வட்டாரத்து மருத்துவமனையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெப்பத் தாக்கினால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நினைவிழந்தவர்களைக் கொண்டு வருவார்கள். அவர்களைப் பிழைக்கவைக்கத் தண்ணீரும் பனிக்கட்டியும் விசிறியும் உடனடியாக வேண்டும். ஆனால் ஊரில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு மிகுந்திருப்பதும் இதே நாளில்தான்! ஆகவே பாலைவனத்தில் மருத்துவமனை கட்டத் திட்டமிடுபவர் ஆண்டின் சராசரி நாளை நம்பக் கூடாது. மிகக் கொடிய நாளையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

தார்ப் பாலைவனம் ஆளில்லாத மணற்காடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. பாலைவனத்தின் வாயில் எனப்படும் ஜோத்பூரின் மக்கள்தொகை 1951இல் 2 லட்சத்துக்கும் குறைவு. 2011இல் அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே 2012இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஒன்றும் செயல்படத் தொடங்கியது. இவ்வாறு வளர்ந்துவரும் பாலைவன ஊர் ஒன்றின் எல்லையில் 500 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனை வளாகத்தை அமைப்பதாக வைத்துக்கொண்டு, நாமே ஒரு திட்டம் போட்டுப் பார்ப்போமா?

முதலில் தண்ணீர்

நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில், படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் நீர் தேவை என்பது இந்தியத் தர அளவு. துணி வெளுப்பதும் இதில் அடங்கும். அப்படியானால் நமக்கு நாள்தோறும் 2,25,000 லிட்டர் வேண்டும்.

இந்நீர் எங்கிருந்து வரும்? தாரின் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகவும் ஃபுளோரைடு மிகுந்தும் இருக்கிறது. இந்திரா காந்தி கால்வாயின் நீர் ஜோத்பூருக்கு நீரேற்றுக் கால்வாய் வழியாக வருகிறது. ஆனால் பராமரிப்புக்காகக் கோடையை ஒட்டிச் சில வாரங்கள் கால்வாயை மூடுவது வழக்கம். ‘நஹர்பந்தி’ என்று அதனை அங்கே சொல்வார்கள். அப்போது கைலானா, தக்த் சாகர் நீர்த்தேக்கங்களில் சேர்த்துவைத்த நீரே நகரத்துக்குக் கைகொடுக்கிறது.

நகரம் செய்வதை மருத்துவமனையும் செய்ய வேண்டும். ஜோத்பூரில் ஆண்டுக்குச் சுமார் 360 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் கட்டடங்களின் கூரைப் பரப்பு ஒரு ஹெக்டேர் எனக் கொண்டால், அதில் விழும் நீர் 36 லட்சம் லிட்டர். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் ஏறத்தாழ 29 லட்சம் லிட்டர் கிடைக்கும். ஆண்டு முழுவதும் பெய்த மழை, மருத்துவமனையின் 12 நாள் தேவைக்கே போதுமானது! இதை வைத்து மருத்துவமனையை நடத்த முடியாது. ஆனால் நெருக்கடிக்கு 12 நாள் நீர் என்பது பெரும் செல்வம். தாரின் கிராமத்தார் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேமிப்பதும் இந்த எண்ணத்தில்தான்.

சிறுநீரக நோயாளி ஒருவருக்கு 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யச் சுமார் 120 லிட்டர் தூய நீர் வேண்டும். எனவே எல்லா நீரையும் ஒன்றாகக் கலந்துவிடாமல், குடிக்கவும் சிகிச்சைக்கும் உரிய நீர், கழுவும் நீர், சுத்திகரித்து மரங்களுக்குப் பாய்ச்சும் நீர் என மூன்று குழாய் வரிசைகளைத் தொடக்கத்திலேயே தனித்தனியே பதித்துவிட வேண்டும்.

நிழலும் சுவரும்

கோடையின் நடுப்பகலில் சூரியன் ஜோத்பூரில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். தெற்குச் சன்னலுக்குச் சிறிய இறவாரமே நிழல் தரும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுப்பதுதான் கடினம். ஆகையால் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்க வேண்டும்.

ஒன்றரை அடி தடித்த கல்சுவரைக் கடந்து பகல் வெப்பம் உள்ளே வரப் பத்து மணி நேரம் போல ஆகும். பழைய வீடுகள் பகலில் குளுமையாக இருப்பதன் இரகசியம் இதுவே. ஆனால் அந்த வெப்பம் இரவில் உள்ளே வந்துசேர்கிறதல்லவா? வீட்டுக்காரர்கள் அப்போது கட்டிலைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். நோயாளியால் அது முடியுமா? எனவே மருத்துவமனைக்குத் தடித்த சுவர் மட்டும் போதாது. சுவரின் வெளிப்புறத்திலும் கூரையின் மேலும் வெப்பக்காப்பு வேண்டும். கூரைக்கு மேலே சூரிய மின்தகடுகளைச் சற்று உயர்த்திப் பொருத்தினால் மின்சாரமும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும்.

காற்றும் தூசியும்

பாலைவனக் காற்று வறண்டது. 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஈரத்தட்டியின் வழியே செலுத்தினால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் அது சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். வட இந்திய வீடுகளில் உள்ள ‘கூலர்’ இப்படித்தான் வேலை செய்கிறது. செலவும் குறைவு.

ஆயினும் இதை எல்லா இடத்திலும் வைக்க முடியாது. 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஓட்டல் ஒன்றில் கூடியவர்களிடையே புதுவகை நிமோனியா பரவிப் பலர் இறந்தனர். அதற்குக் காரணமான லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகி, நீர்த்துளிகளோடு காற்றில் பரவக்கூடியது. ஆதலால் கூலர் வெளிநோயாளிகள் காத்திருக்கும் முற்றத்தோடு நிற்கட்டும். அதன் நீரையும் அடிக்கடி மாற்றித் தொட்டியைக் கழுவ வேண்டும்.

அறுவைக் கூடத்துக்கு வேறு முறை தேவை. புழுதியோடு பூஞ்சை வித்துகளும் பறந்து வரும். வடிகட்டிக் குளிரவைத்த காற்றைக் கூடத்துக்குள் சற்று மிகையான அழுத்தத்தில் செலுத்தினால், கதவு திறக்கும்போது காற்று வெளியேறுமே தவிர, தூசி உள்ளே வராது. கோடைப் புழுதிக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் அந்தப் பக்கத்தில் மரத் தடுப்பு வேண்டும். இதற்குத் தாரின் கேஜ்ரி மரம் ஏற்றது. அது வேறு எதுவுமன்று, நாம் அறிந்த வன்னி மரமே!

வளர இடம்

இன்றைய 500 படுக்கைகள் நாளை 1,000 ஆகலாம். லண்டனின் வடமேற்கில் 1970இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனைக்குக் கட்டடக் கலைஞர் ஜான் வீக்ஸ் ஒரு வழி கண்டார். நடுவே தெருவைப் போல நீண்ட நடைபாதை. அதன் இருபுறமும் பிரியும் கட்டடங்கள். ஒவ்வொன்றின் மறுமுனையும் மேலும் நீள்வதற்கு ஏற்பத் திறந்தே விடப்பட்டது. இந்த முறை நமக்கும் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இடம் போதவில்லை என்று முற்றங்களை அடைத்துக் கட்டிவிடக் கூடாது. அடைத்தால் நிழலும் காற்றும் போய்விடும். தண்ணீர்த் தொட்டிக்கும் மின்னாக்கிக்கும் இரு மடங்கு இடத்தை முன்னதாகவே ஒதுக்கிவைக்க வேண்டும்.

படுக்கை கூடும்போது நீரும் மின்சாரமும் நிழலும் அதே அளவில் கூட வேண்டும். கூடாவிட்டால் சாதாரண நாளில் யாருக்கும் குறை தெரியாது. வெப்பமானி 50 டிகிரியைத் தொடும் நாளில், நினைவிழந்து வரும் ஓர் உழவரோ கட்டடத் தொழிலாளியோ அந்தக் குறைக்கு விலை கொடுக்க நேரும். அந்த நாளை மனத்தில் வைத்தே முதல் கோட்டை வரைய வேண்டும்.