நெருப்புக்காய்ச்சல் கிருமியைப் படமாக வரைதல்

நெருப்புக்காய்ச்சல் என்றதும் நம் உம்மாமார் கஞ்சி, கொதித்தாறிய நீர் என்று தொடங்கிவிடுவார்கள். அந்நோயைத் தரும் சல்மனெல்லா டைபி என்னும் பக்டீரியாவின் மரபுத்தொகுதி 2001ஆம் ஆண்டு முழுமையாக வெளியிடப்பட்டது. ஏ, டீ, ஜீ, சீ என்ற நான்கே எழுத்துகள். ஆனால் ஏறத்தாழ 48 இலட்சம் தடவைகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சிட்டால் 2,400 பக்கங்கள். இடைவெளியோ முற்றுப்புள்ளியோ இல்லாத அந்நூலை யார் வாசிப்பது?

அதற்கே மென்பொருள்கள் வந்தன. 2000இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வுமையத்தார் தந்த ‘ஆட்டமிஸ்’, பரம்பரையலகுகள் இருக்கும் இடங்களை நிறக்கட்டங்களாகக் காட்டியது. 2011இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ‘பிரிக்’ வட்டம் வரைகிறது. பக்டீரியாவின் நிறமூர்த்தம் பெரும்பாலும் வட்டமானதுதானே! ஒரு கிருமியை அடிப்படையாக நடுவில் வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றிப் பெரிய காப்புக்குள் சிறிய காப்பு வைத்தாற்போல் அடுக்குகிறது. ஒத்த பகுதி நிறம் பெறும். இல்லாத பகுதி வெறுமையாக நிற்கும்.

டைபியை நடுவில் வைத்து, அதன் உறவான டைபிமியூரியத்தை வளையமாக்கினால் ஓரிடத்தில் பெரிய வெற்றிடம் தெரியும். சுமார் 1,34,000 எழுத்து நீளம். டைபியைப் போர்த்தியிருக்கும் ‘வீ’ உறையை ஆக்கும் பரம்பரையலகுகள் அங்கேதான் உள்ளன. நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசிகள் சில அந்த உறைப்பொருளிலிருந்தே செய்யப்படுகின்றன.

இப்படத்துக்கு ஒரு குறையும் உண்டு. நடுவிலுள்ள கிருமியில் இல்லாத எதுவும் படத்தில் வராது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய நெருப்புக்காய்ச்சல், வழக்கமான மருந்துகளுடன் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை. அக்கிருமி, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையமொன்றைப் புதிதாகப் பெற்றிருந்தது. பழைய டைபியை நடுவில் வைத்தால் அது கண்ணில் படாது. பிளாஸ்மிட்டையே நடுவில் வைத்துப் பிற பக்டீரியாக்களின் பிளாஸ்மிட்டுகளைச் சுற்றி அடுக்க வேண்டும். ஆய்வாளர் ஒப்பிட்டபோது, நம் குடலில் வாழும் ஈ.கோலையின் பிளாஸ்மிட்டோடு அது ஒத்திருந்தது. வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் அசித்ரோமைசின் மட்டுமே அப்போது எஞ்சியது. பாமசியில் கேட்டு வாங்கி, பாதியில் நிறுத்திய மாத்திரை அட்டைகள் எத்தனை வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றனவோ!

இரு மென்பொருள்களும் இலவசம். சாதாரண மடிக்கணினியே போதும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவியர் முதலில் டைபியையும் டைபிமியூரியத்தையும் ஒப்பிட்டு, அந்த வெற்றிடத்தைத் தேடிப் பார்க்கலாம்.