இரண்டு பவுனுக்குக் குறைவு

கவரைப்பேட்டையைத் தாண்டி ஜி.என்.டி. சாலையோரம் ஒரு காயலான் கடை. வாசலில் மின்னணுத் தராசு. பழைய இரும்பு, அட்டை, பித்தளைக் குழாய் எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். 50 கிராமுக்குக் கீழே எதை வைத்தாலும் அது அசையாது; கடைக்காரருக்கும் அதற்குக் கீழே எந்த வியாபாரமும் இல்லை. நான் போன அன்று ஒரு செத்துப்போன கார் பேட்டரி தராசில் ஏறியது. 13 கிலோ 400. மூடி ஒரு பக்கம் விண்டிருந்தது. உள்ளே தட்டுகள் கறுத்துத் தெரிந்தன. தூக்கி வைத்தவரின் விரல்களில் சாம்பல் நிறப் பொடி ஒட்டிக்கொண்டது. தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு பேட்டரியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் காரீயம் இருக்கும். நம் பேட்டரிக்கு 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் காரீயம் கிலோ 180 ரூபாயை ஒட்டி ஏறி இறங்குகிறது. ஆக, சரக்கின் மதிப்பு 1,440 ரூபாய். உலகம் முழுவதும் பயன்படும் காரீயத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு பேட்டரிக்கே போகிறது. செத்த பேட்டரி திரும்ப உருகி, கட்டியாகி, மறுபடி தட்டாகி, மறுபடி வண்டியில் ஏறுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளுக்கு நடுவே இந்தத் தொழிலும் நடக்கிறது. மறுசுழற்சி என்று பார்த்தால் இதற்கு நிகரான உலோகம் கிடையாது. தொல்லையும் அதே குணத்தில்தான் இருக்கிறது. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327.5 டிகிரி போதும். புகைபோக்கியும் வடிகட்டியும் உள்ள ஆலையில் உருகுவது, கொல்லைப்புறத்தில் நாலு கல்லைக் கூட்டி இரும்புச் சட்டியை வைத்தாலும் உருகும்.

ஒரு இடைச்செருகல். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேறு சங்கதி. அது வெள்ளீயம். காரீயமும் வெள்ளீயமும் நம் மொழியில் ஒரே பெயரின் இரு நிறங்கள். உடம்பில் இரண்டுக்கும் உறவே இல்லை. வாங்கும்போது கடைக்காரர் கலப்படம் செய்யாதவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் 37,28,104 பேர். அவர்களில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 4,05,669. இந்த வயதில் சராசரி எடை 12, 13 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி வீதம் ரத்தம். தலைக்கு ஒரு லிட்டர் என்று முழுசாக்கிக்கொள்ளலாம், அதாவது 10 டெசிலிட்டர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வைத்த எச்சரிக்கைக் கோடு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். ஒரு குழந்தைக்கு 35 மைக்ரோகிராம். 4,05,669ஆல் பெருக்கினால் 1 கோடியே 42 லட்சம் மைக்ரோகிராம்.

கோடி என்றதும் மலைக்க வேண்டாம். அது 14.2 கிராம்.

ஒரு மாவட்டத்தின் எல்லாக் குழந்தைகளின் ரத்தத்தையும் எச்சரிக்கைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும் காரீயம் இரண்டு பவுனுக்குக் குறைவு. விலை இரண்டரை ரூபாய். இந்தியா முழுவதற்கும் போட்டுப் பார்த்தேன். 2011இல் ஆறு வயது வரையிலானோர் 16 கோடியே 45 லட்சம். அவர்களுக்கு 5 கிலோ 760 கிராம். தராசில் ஏறிய அந்த ஒரே பேட்டரியில் இரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம்.

இது யாரும் ரத்தம் எடுத்து அளந்த எண் அல்ல, தாளில் போட்ட கணக்கு. தவிர, ரத்தம் என்பது நடப்புக் கணக்கு மாதிரி. அதில் உள்ள காரீயம் மாதக் கணக்கில் குறைந்துவிடும். எலும்பு வைப்புநிதி. உடம்புக்குள் வந்ததில் பெரும்பங்கு அங்கே போய், பத்து இருபது ஆண்டுகள் கிடக்கும். எலும்பில் கிடப்பதையும் சேர்த்தால் தொகை பல மடங்காகும். அப்போதும் நாட்டின் மொத்தக் குழந்தைகளுக்கான சரக்கு ஒரு குட்டி யானை வண்டியில் ஏறிவிடும்.

இவ்வளவு சொற்ப எடை எப்படி இவ்வளவு கெடுக்கிறது? அதற்கு மூளையின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம். ஐந்து வயதுக்குள் பெரியவர் மூளையின் எடையில் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பெரியவர்களுக்கு அது உடல் எடையில் 2 விழுக்காடு. சாப்பாட்டில் 20 விழுக்காடு அதற்கே போகிறது. நாலைந்து வயதுக் குழந்தைக்கோ, ஒரு நாளில் செலவாகும் மொத்த ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கு மேல் மூளை தின்றுவிடுகிறது. அந்த வயதில் உடம்பு வளர்த்தி மந்தப்படுவதே இதனால்தான் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 'சாப்பிடுறதெல்லாம் எங்கதான் போகுதோ' என்று அலுத்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு இதுதான் பதில்.

நரம்பணுக்கள் எத்தனை? பத்தாயிரம் கோடி என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. பிரேசிலில் சுசானா எர்குலானோ-ஹூசல் குழுவினர் மூளையைக் கரைத்துச் சூப்பாக்கி, அதில் மிதக்கும் அணுக்கருக்களை எண்ணி, 2009இல் 8,600 கோடி என்றார்கள். பங்கீடுதான் வேடிக்கை. பின்மண்டையில் ஒடுங்கிக் கிடக்கும் சிறுமூளையில் 6,900 கோடி. நாம் பெருமையாக நினைக்கும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடி. மற்ற பகுதிகள் எல்லாம் சேர்ந்து நூறு கோடிக்குள்.

ஆனால் அணுக்களின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையிலான இணைப்புகள்தான் முக்கியம். பிறந்த பிறகு அவை தேவைக்கு மேல் முளைக்கின்றன. பிறகு புழங்காதவை கழிக்கப்படுகின்றன. பார்வைப் பகுதியில் எட்டாம் மாதத்தை ஒட்டி உச்சம். முன்நெற்றிப் பகுதியில் கழிப்பு வேலை வாலிபம் வரை இழுக்கும். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்ற தகவலைக் கொண்டுபோவதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு. காரீயம் நுழைவது இங்கேதான். அதற்கும் கால்சியத்துக்கும் மின்னூட்டம் ஒன்று. அடுத்த வீட்டுக் கார்டை நீட்டி ரேஷன் வாங்குகிறவரைப் போல, கால்சியத்தின் வாசல் வழியே உள்ளே போய், அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நினைவுக்கும் கற்றலுக்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் சமிக்ஞைகள் தவறுகின்றன. நிற்க வேண்டிய இணைப்பு போகிறது, போக வேண்டியது நிற்கிறது. அணு சாகத் தேவையில்லை. அது கற்கும் பாடம் பிசகினால் போதும்.

உள்ளே போகும் அளவும் வயதைப் பொறுத்தது. பெரியவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகும். குழந்தைக்குப் பாதி வரை. இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும். குடலில் இரும்பு நுழையும் வாசலையே காரீயமும் பயன்படுத்துகிறது; இரும்பு வராத வாசலில் அதற்குத் தள்ளுமுள்ளு இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் 50.7. இந்த ஒரு எண் ஏறியதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு அதிகம் உறுத்துவது. அங்கன்வாடி, கிராமச் செவிலியர் வழியாக வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்துத் திரவ மருந்து தரும் திட்டம் இருக்கிறது. வீட்டுக்குச் செலவு: பூஜ்யம்.

கருவிலும் இதே கதைதான். நஞ்சுக்கொடி காரீயத்தைத் தடுப்பதில்லை. கர்ப்பகாலத்தில் குழந்தைக்குக் கால்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும்போது, வைப்புநிதியில் கிடந்த பழைய காரீயமும் சேர்ந்து வெளியே வரும். அந்த மாதங்களில் மூளை எப்படி உருவாகிறது என்பதற்கான வரைபடம் ஒன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்ரயிலில் போய்வரும் தூரத்தில்தான் தயாரானது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 முதல் 24 வாரக் கருக்களின் மூளைகளைச் சீவல் சீவலாக எடுத்து, 5,132 சீவல்களை அணு தெரியும் நுணுக்கத்தில் படமாக்கி, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் யாரும் பார்க்கும்படி வைத்தது. முதல் பக்கத்தில் கிட்டத்தட்ட வழவழவென்று இருக்கும் மூளை, கடைசிப் பக்கத்தில் மடிப்பு விழத் தொடங்கியிருக்கும். எது சரியான வளர்ச்சி என்று தெரிந்தால்தானே எது பிசகியது என்று சொல்ல முடியும்.

பிசகியதை அளந்தவர்களின் வழிகள் விதவிதமானவை. நம் ஊரில் விழுந்த பால்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். பாஸ்டன் பக்கத்தில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற ஆய்வாளர் அதைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். பல்லும் எலும்பு மாதிரிதான், காரீயத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பல்லில் காரீயம் அதிகமிருந்த 58 பேரையும் குறைவாக இருந்த 100 பேரையும் ஒப்பிட்டார். நுண்ணறிவு எண் 102.1, 106.6. நாலரைப் புள்ளி வித்தியாசம். குழந்தைகளில் ஒருவர்கூட நோயாளியாகத் தெரியவில்லை. 2005இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 1,333 குழந்தைகளைப் பார்த்தபோது இன்னும் கசப்பான ஒன்று வெளிப்பட்டது. ரத்தக் காரீயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது 3.9 புள்ளி போகிறது. 10லிருந்து 20க்கு 1.9, 20லிருந்து 30க்கு 1.1 மட்டும். மொத்த வியாபாரம் மாதிரிதான். இங்கேயும் முதல் சரக்குக்குத்தான் விலை கடுமை.

3.9 புள்ளி ஒரு பிள்ளையிடம் கண்ணுக்குத் தெரியாது. லட்சம் பிள்ளைகளில் தெரியும். சராசரி 100 இருக்கும் ஊரில் 70க்குக் கீழே விழுகிறவர்கள் லட்சத்துக்கு 2,275 பேர். சராசரி 96.1 ஆனால் அது 4,100ஐ ஒட்டி வரும். மேல்முனையில் 130ஐத் தாண்டுகிறவர்கள் 2,275இலிருந்து 1,190 ஆகிறார்கள். கூடுதலாகக் கீழே விழும் ஒவ்வொருவரிடமும் தனிக் கவனம் செலுத்த எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை என்று கல்வித் துறை கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்னைக் குழந்தைகளின் எண்ணும் இருக்கிறது. மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 756 பேரிடம் ரத்தம் எடுத்து, அவர்கள் வகுப்பில் நடந்துகொள்ளும் விதத்தை ஆசிரியர்களிடம் கேட்டு, 2009இல் வெளியிட்டார்கள். சராசரி 11.4 மைக்ரோகிராம். எச்சரிக்கைக் கோட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அளவு கூடக்கூட பதற்றமும் கவனச் சிதறலும் கூடின. இந்த எண்ணை நம் மாவட்டக் கணக்கில் போட்டால் 14 கிராம் 46 கிராமாகும். ஆறு பவுனுக்குச் சற்றுக் குறைவு. கடைத் தராசு அப்போதும் அசையாது.

போனதைத் திரும்ப வாங்க முடியுமா என்றும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 780 குழந்தைகளுக்குக் காரீயத்தைச் சிறுநீரில் இறக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு இறங்கியது. நுண்ணறிவு எண் ஏறவில்லை. 2001இல் வந்த முடிவு இது. சின்சினாட்டியில் குழந்தைப் பருவத்திலிருந்து கண்காணிக்கப்பட்ட 157 பேரை 19 முதல் 24 வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சாம்பல் நிறப் பகுதியில் சுமார் 1.2 விழுக்காட்டின் இழப்புக்கும் சிறுவயதுக் காரீயத்துக்கும் தொடர்பு தெரிந்தது. இழப்பு பெரும்பாலும் முன்நெற்றிப் பகுதியில். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் விழுந்த தூசியின் ரசீது.

ஆக, செலவுப் பக்கம் மருந்தில் எழுத ஒன்றுமில்லை. முன்கூட்டியே தடுப்பதில்தான் எழுத முடியும். அங்கே தொகைகள் சின்னவை. பெட்ரோலில் கலந்த காரீயம் 2000இல் நாடு முழுவதும் நின்றது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. மிச்சம் இருப்பதில் பெரிய வழி ஒன்று வேலைத் துணி. உலையிலும் பேட்டரி உடைக்கும் இடத்திலும் வேலை செய்பவர் சட்டையோடு வீட்டுக்கு வந்தால் தூசியும் கூடவே வருகிறது. ஒரு மாற்று உடை, ஒரு சோப்பு, வேலையிடத்திலேயே ஒரு குழாயடி, அந்தத் துணியைத் தனியாக அலசுவது, வீட்டுத் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பேட்டரியின் சரக்கு மதிப்பான 1,440 ரூபாயைத் தாண்டாது.

கிளம்பும் முன் ஒரு ஆசை. பையில் இருந்த பத்து ரூபாய் நாணயங்கள் இரண்டை எடுத்துத் தராசில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து 15 கிராம் சொச்சம். மாவட்டக் கணக்கை ஒட்டிய எடை. சிவப்பு எழுத்தில் பூஜ்யம் அப்படியே நின்றது. கடைக்காரர் சிரித்தார்.

"அதுக்கெல்லாம் சேட்டுக் கடைத் தராசுதான் சார் வேணும்" என்றார், துண்டை உதறித் தோளில் போட்டபடி.