கடல் கடந்து செல்லும் மின்சாரம்

லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் படித்தவன் நான். இன்றோ மின்தேவை பெருகிக்கொண்டே செல்கிறது. பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டையும் அதற்கொரு காரணம். பினாங்குத் தீவுக்கு வேண்டிய மின்சாரம் பெருமளவு நம் பெருநிலத்திலிருந்தே செல்லவேண்டும். ஆகவேதான் தெனாகா நேஷனல் நிறுவனம், பினாங்குப் பாலத்தை ஒட்டிக் கடலினுள் கம்பங்களை எழுப்பி, 275 கிலோவோல்ட் மின்தடம் அமைக்கும் பணியை மேற்கொண்டது.

இத்துணை உயர்ந்த அழுத்தம் எதற்கு? மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால், அதே ஆற்றலைக் கொண்டுசெல்லப் பாதி மின்னோட்டமே போதும்; கம்பி சூடேறி வீணாகும் மின்சாரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வீட்டை அடையுமுன் மின்மாற்றிகள் அதனை 230 வோல்ட்டாகத் தணிக்கின்றன.

அவ்வுயர்ந்த கம்பிகளுக்கு உறை கிடையாது; காற்றே காப்பு. பட்டம் சிக்கினால் நூல் வழியே மின்சாரம் பாயக்கூடும். சிக்கிய பட்டத்தை விட்டுவிடுங்கள். வேறொன்று நானே செய்து தருகிறேன்.