யாருடைய சத்தம்? டிரம் கோர் போட்டிகளும் ஒலிபெருக்கியின் அரசியலும்

1

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்கு அப்போது 20 வயது. டிரம் கோர் என்கிற போட்டிக் குழு ஒன்றில் டியூபா வாசித்துக்கொண்டிருந்தான். கோடை முழுக்க வீட்டுப் பக்கமே வராமல் பேருந்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் நகரில் அவன் குழு வாசித்த அன்று நாங்களும் போனோம். அரங்குக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வளைவாக நின்ற டியூபாக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கீழ்ஸ்வரத்தை எடுத்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

பிறகு உள்ளே போய், முன்வரிசையில், மலிவான டிக்கெட்டில் உட்கார்ந்தேன். அதே இசை. அதே கீழ்ஸ்வரம். பெஞ்சுகூட அதிர்ந்தது. ஆனால் சத்தம் வந்தது எனக்குச் சற்று முன்னால் அடுக்கிவைத்திருந்த கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து. டியூபாக்காரர்களோ மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்து வந்தவனிடம், "உன் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லடா" என்றேன்.

"எனக்குக் கேட்டுது மாமா. பக்கத்துல நின்னவனுக்கும் கேட்டுது. ஸ்பீக்கர் உங்க பக்கம் பாத்துல்ல நிக்குது" என்றான்.

அவன் சாதாரணமாகச் சொன்ன அந்தப் பதில் எனக்குள் கிளப்பிய யோசனைகளே இக்கட்டுரை.

2

டிரம் கோர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் காற்றுக் கருவிகள், பறையும் முரசும் போன்ற தாளக் கருவிகள், கொடி சுழற்றி ஆடுபவர்கள் ஆகிய மூன்று பிரிவுகள் சேர்ந்தது ஒரு கோர். பெரிய கோரில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். 22 வயதுக்குள்ளான இளைஞர்கள். கால்பந்து மைதானத்தில் கோடும் வட்டமும் அலையுமாக வடிவங்களை மாற்றியபடி, நடந்தும் ஓடியும், பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் வாசிக்க வேண்டும். நூற்றுக்கு மதிப்பெண். ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30.

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்தெடுத்த வடிவம் இது. பிறகு கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளும் சாரணர் குழுக்களும் தொழிலாளர் குடியிருப்புகளின் பையன்களைச் சேர்த்துக் கோர்கள் நடத்தின. 1971இல் கோர்களின் இயக்குநர்கள், விதியும் பணமும் படைவீரர் சங்கங்களின் கையில் இருப்பதை எதிர்த்துத் தாங்களே டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. ஆக, இந்த அமைப்பு பிறந்ததே 'விதியை யார் எழுதுவது' என்கிற சண்டையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2003இல் இந்த அமைப்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி அளித்தது. 2004 பருவத்திலிருந்து நடைமுறை. மைதானத்தின் முன்கோட்டில் நிலையாக நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற கருவிகளுக்கும் மனிதக் குரலுக்கும் மைக் வைக்கலாம் என்றானது. 2009 பருவத்திலிருந்து சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகளும் உள்ளே வந்தன. அதற்கு முன்பே பலமுறை முன்வைக்கப்பட்டுத் தோற்ற யோசனைதான் இது. கேடட்ஸ் கோரின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹாப்கின்ஸ் இதற்காகத் தொடர்ந்து வாதாடியவர். எதிர்த்தவர்கள், 'இத்தோடு டிரம் கோர் செத்தது' என்றார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த விவாதம் ஓயவில்லை.

3

எதிர்ப்பவர்களின் முதல் வாதம் தூய்மை. 'தோலும் பித்தளையும் மூச்சும் மட்டுமே இருந்த கலையில் மின்சாரம் எதற்கு?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தூய்மை எந்த நாளில் இருந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆரம்பத்தில் இருந்தது இராணுவத்தின் வால்வு இல்லாத பியூகிள். பிறகு ஒரு வால்வு வந்தது. 1977இல் இரண்டு. 1990இல் மூன்று. 2000 பருவத்தில் ஜி சுருதிப் பியூகிளே கட்டாயமில்லை, எந்தச் சுருதிக் கருவியும் கொண்டுவரலாம் என்றாயிற்று. தோளில் சுமந்து வாசித்த மரிம்பாவை எண்பதுகளின் தொடக்கத்தில் தரையில் இறக்கிவைக்க அனுமதித்தார்கள். ஒவ்வொரு முறையும் 'செத்தது' என்ற அதே புலம்பல். தன் இளமையில் கேட்ட சத்தத்தையே மரபின் தோற்றுவாயாக நினைத்துக்கொள்வது பழைய ரசிகரின் வழக்கமான பிழை. அதை நாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

கனடா நாட்டு இசையமைப்பாளர் மரே ஷாஃபர் ஒலி தன் மூலத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறிடத்தில் ஒலிப்பதை 'ஸ்கிட்ஸோஃபோனியா' என்றார். மனநோயின் பெயரை நினைவூட்டும்படியே வேண்டுமென்று வைத்த பெயர். ஆலன்டவுனில் எனக்கு நேர்ந்ததற்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கருத்தை முழுசாக ஏற்றுக்கொண்டால் எல்லா மைக்குமே நோய்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மரிம்பாவை எடுத்துக்கொள்வோம். ரோஸ்வுட் மரச் சட்டங்களாலான மென்மையான கருவி. மைக் இல்லாத காலத்தில் இருபதாயிரம் பேர் அரங்கில் அது கேட்க வேண்டுமென்றால், கடினமான தலை கொண்ட குச்சிகளால் ஓங்கி அடிக்க வேண்டும். அதாவது மரிம்பாவை மரிம்பாவாக வாசிக்க முடியாது. மைக் வந்தபின் மென்குச்சியால் வாசிக்கலாம். நான்கு குச்சிகளால் ஒத்திசைவுகளை அமைதியாக அதிரவிடலாம். சத்தமாக இருந்தால்தான் கேட்கப்படுவாய் என்ற நிபந்தனையிலிருந்து அந்தக் கருவியை மைக் விடுவித்தது. இதைச் சீரழிவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

4

சரி, அப்புறம் என்னதான் பிரச்சனை? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரே அளவு சத்தம் போடும் இருவர் சேர்ந்தால் இருமடங்கு சத்தமாக நம் காதுக்குத் தோன்றாது. எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஒலியளவு 3 டெசிபல்தான் கூடும். நம் காது 'இருமடங்கு' என்று உணர ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது ஒருவர் வாசிப்பது இரண்டு மடங்காகக் கேட்கப் பத்துப் பேர் வேண்டும்.

அடுத்தது தூரம். மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும். பின்கோட்டில் அடித்த முரசின் சத்தம் முன்கோட்டுக்கு வர ஏழில் ஒரு பங்கு விநாடி. நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் அது கிட்டத்தட்ட அரைத் தட்டு! எனவே பின்னால் நிற்பவர்கள் நடத்துநரின் கையைப் பார்த்து வாசிக்க, முன்னால் நிற்பவர்கள் கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் சத்தத்தோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். இந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும்.

ஆக, மின்சாரம் இல்லாத கோரில் சத்தம் என்பது ஆட்களின் கூட்டுத்தொகை. நூறு பேர் சேர்ந்து உழைத்தால்தான் அந்த ஒரு நொடி வரும். ரசிகர்கள் எழுந்து நிற்பது அந்த உழைப்புக்கு. ஆம்ப்ளிஃபயர் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. அதே 10 டெசிபல் ஒரு குமிழைத் திருகினால் வந்துவிடும். சத்தத்துக்கும் ஆட்களுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது.

5

விவாதத்தில் எல்லோரும் 'மின்னணு ஒலி' என்று மொத்தமாகப் பேசுகிறார்கள். அதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. இதில் மூன்று வேறு வேறு செயல்கள் இருக்கின்றன.

முதலாவது, ஏந்துவது. இருக்கிற ஒலியை, இல்லாவிட்டால் கேட்காமலே போகிற ஒலியை, தூக்கிக் கொடுப்பது. மரிம்பாவுக்கு நடந்தது இது.

இரண்டாவது, தன் பெயரிலேயே பேசுவது. ஓஹையோ மாநிலத்தின் புளூகோட்ஸ் 2014இல் 'டில்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார்கள். பித்தளைக் கருவிகளின் ஒலியோடு சேர்ந்து மின்னணு ஒலி வழுக்கிச் சரிகிறது. தலைப்பின் 'சாய்வு' காதில் விழுகிறது. மின்சாரம் அங்கே தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அது பிடிக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அதில் ஏமாற்று இல்லை.

மூன்றாவது, பதிலியாக நிற்பது. பெருமுழக்கம் வரும் இடங்களில் சிந்தசைசரின் ஒரு விசையை அழுத்தி, டியூபா வாசிக்கும் அதே கீழ்ஸ்வரத்தை அதன்மேல் பூசுவது. ரசிகர்கள் இதற்குக் கேலியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'இடிக் கூழ்'. அங்கே வரிசையாக ஆட்கள் 10-15 கிலோ கருவியைத் தோளில் சுமந்து ஓடியபடி அதே ஸ்வரத்தை வாசிக்கிறார்கள். கூழ் அவர்களை மூடிவிடுகிறது. அவர்கள் சரியாக வாசித்தார்களா, தவறவிட்டார்களா, தெரியாது. வாசித்தார்களா என்பதே தெரியாது.

நம் எழுத்தாள நண்பர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் இந்த வேறுபாடு புதிதாக இருக்காது. கேட்காத குரலைக் கேட்கச் செய்வது ஒன்று. பேசிக்கொண்டிருப்பவரின்மேல் நம் குரலை ஏற்றி, 'இது உன் குரல்தான்' என்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே மைக்தான் பயன்படுகிறது. எனவே மைக்கைப் பார்த்து மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

குரலுக்கும் இது பொருந்தும். கேடட்ஸ் 2007இல் நடத்திய 'திஸ் ஐ பிலீவ்' நிகழ்ச்சியில் உறுப்பினர்கள் மைக் பிடித்துத் தங்களைப் பற்றியும் கோரைப் பற்றியும் பேசினார்கள். ஊமையாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் பேசுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முன்பே எழுதி ஒத்திகை பார்த்த அந்தப் பேச்சு, அவர்கள் வாசித்த இசையின்மேல் ஓடியது. பலருக்கு எரிச்சல் வந்தது. 'வாசிக்கிறதைக் கேக்க விடுங்கப்பா' என்ற எரிச்சல். அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு முரண். 2014இல் டிராம்போன், ஃபிரெஞ்சு ஹார்ன் உட்பட எல்லாப் பித்தளைக் கருவிகளுக்கும் கதவைத் திறந்த விதி, கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவற்றை வெளியிலேயே நிறுத்தியது. குழலை ஒத்த ஒலியைச் சிந்தசைசரில் எழுப்பலாம். குழல் ஊதுகிற பிள்ளைக்கு இடமில்லை. ஒலிக்கு அனுமதி, ஆளுக்குத் தடை.

6

மதிப்பெண் போடும் நடுவர்களில் பெரும்பாலோர் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, உயரத்தில் உட்காருகிறார்கள். ஸ்பீக்கர்களின் ஒலிக்கலவை அந்த இடத்தைக் கருதித்தான் அமைகிறது. கீழே முன்வரிசையில் மலிவு டிக்கெட்காரனுக்குக் கூழ்தான் மிச்சம். 2009இல் இறுதிப் போட்டிகள் இண்டியானாபொலிசின் லூகாஸ் ஆயில் அரங்குக்குப் போயின. கூரையுள்ள பிரம்மாண்டக் கட்டடம், எதிரொலி அதிகம். சிந்தசைசரும் கூரையும் வந்தது ஒரே ஆண்டு என்பது தற்செயலாக இருக்கலாம். கேட்பவனுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

பணம் இருக்கிறது. ஸ்பீக்கர், மிக்ஸர், கம்பியில்லா மைக், அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டி, ஒலியமைப்பாளரின் சம்பளம். ஒரு கோடைக்கு ஓர் உறுப்பினர் கட்ட வேண்டியது இன்று சில ஆயிரம் டாலர். எழுபதுகளில் நூற்றுக்கணக்கில் இருந்த கோர்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டதற்கு ஒலிபெருக்கி காரணமில்லை. அந்தச் சரிவு 2004க்கு வெகுமுன்பே நடந்து முடிந்துவிட்டது. ஆனால் 2018இல் சாம்பியனான சாண்டா கிளாரா வான்கார்ட் பண நெருக்கடியால் 2023இல் களமிறங்க முடியாமல் போன உலகத்தில், ஒவ்வொரு புதிய பெட்டியும் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்டாக வேண்டும். விதி எழுதும் இடத்தில் கோர் இயக்குநர்கள் இருக்கிறார்கள். டியூபா சுமக்கும் பிள்ளை இல்லை. படைவீரர் சங்கங்களிடமிருந்து 1971இல் பறித்த அதிகாரம் அவன் கைவரை வந்து சேரவில்லை.

7

தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரிம்பாவை மறுபடி ஓங்கி அடிக்கச் சொல்வது நியாயமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: மைதானத்தில் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை மூடுகிற ஒலிக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அதைக் கண்டறிவது நடுவர்களுக்குச் சிரமமில்லை. ஒரு முறை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கேட்டால் போதும், எது குறைகிறது, எது தெளிகிறது என்று தெரிந்துவிடும்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது சிரித்தான். "எங்களுக்குக் கஷ்டமான எடம் வந்தா, அந்தக் கூழ்தான் மாமா காப்பாத்துது" என்றான். சற்று நேரம் கழித்து, "ஆனா சரியா வாசிச்ச அன்னைக்குத்தான் கோவம் வருது" என்றான்.