வீட்டுக்கு விலை குறிக்கும் கணினி: வரிச்சுமை யார் தலையில் இறங்குகிறது?

அமெரிக்காவின் சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்ட்டியில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகள் உள்ளன. அவற்றின் சந்தை மதிப்பு, பகுதி பகுதியாக, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் குறிக்கப்படுகிறது. எந்த அதிகாரியும் அத்தனை வீடுகளின் கதவையும் தட்டிப் பார்க்க இயலாது. ஆகவே வீடுகளைப் பொறுத்தவரை அந்த வேலையைக் கணினி மாதிரி செய்கிறது. அண்மையில் விற்பனையான வீடுகளின் பரப்பளவு, வயது, அறைகள், இருப்பிடம் ஆகியவற்றையும் அவை விலைபோன தொகையையும் அதற்கு ஊட்டினால், விற்பனைக்கே வராத வீடுகளுக்கும் அது ஒரு விலை சொல்லும். அந்த விலையை வைத்தே வரி கணக்கிடப்படுகிறது.

மாதிரியின் உள்ளீடுகளில் இனம் என்றொரு கட்டம் கிடையாது. கறுப்பினத்தவர் வீடா, வெள்ளையர் வீடா என்று அது கேட்பதில்லை. எனினும் கார்லோஸ் அவெனன்சியோ-லியோன், ட்ரூப் ஹோவர்ட் என்னும் இரு பொருளியலாளர்கள் அமெரிக்கா முழுவதற்குமான தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்கிறது. ஒரே வரி எல்லைக்குள், ஒரே பொதுச் சேவைகளுக்கு, கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் 10 முதல் 13 விழுக்காடு வரை கூடுதல் வரிச்சுமையைத் தாங்குகின்றனர். சாதியைக் கேட்காமலேயே சாதியைக் கண்டுகொள்ளும் விண்ணப்பப் படிவங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. ஆனால் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் துல்லியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாகுபாடு நிகழ்கிறது என்று மட்டும் சொன்னால் எந்த நீதிமன்றமும் நம்மிடம் வழிமுறையைக் காட்டச் சொல்லும்.

ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே அளவில் கட்டப்பட்ட இரு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் கூரை ஒழுகுகிறது, சுவர் பூஞ்சை பிடித்திருக்கிறது. மற்றொன்று புதுப்பிக்கப்பட்டு மின்னுகிறது. வீட்டுக்குள் நுழையாத மாதிரிக்கு இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் சராசரி விலையைக் குறிக்கிறது. ஒழுகும் வீடு தன் உண்மை விலைக்கு மேலாகவும், மின்னும் வீடு கீழாகவும் மதிப்பிடப்படுகின்றன. இப்படி ஒவ்வொரு வகை வீட்டிலும் நடந்தால், மலிவான வீடுகள் பொதுவாக மிகையாகவும் விலையுயர்ந்த வீடுகள் பொதுவாகக் குறைவாகவும் மதிப்பிடப்படும். இதில் யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை. பழுது பார்க்கப் பணமில்லாதவர் எவர், அவர் எந்தப் பகுதியில் வாழ்கிறார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் பகுதிகள் கடனுக்கு ஆபத்தானவை எனச் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. கடன் கிடைக்காத தெருவில் கூரை ஒழுகத்தான் செய்யும்.

இன்னொரு நுட்பத்தைச் சட்டம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இல்லினாய்ஸ் மாநிலத்தில் பள்ளி, நூலகம், பூங்கா ஆகியவற்றை நடத்தும் அமைப்புகள் தமக்குத் தேவையான மொத்தத் தொகையை முதலில் அறிவிக்கின்றன. அந்தத் தொகைதான் எல்லாச் சொத்துகளின் மீதும் மதிப்புக்கேற்பப் பங்கிடப்படுகிறது. எனவே செல்வந்தரின் மாளிகைக்கு மதிப்பு குறைந்தால் அரசின் வருவாய் குறைவதில்லை. குறைந்த பங்கு அப்படியே பிறர் தலைக்கு மாறுகிறது. செல்வந்தருக்கு அளிக்கப்பட்ட சலுகைக்கான பற்றுச்சீட்டு ஏழையின் அஞ்சல் பெட்டியில் வந்து விழுகிறது.

குக் கவுண்ட்டியில் இதை அம்பலப்படுத்தியது 2017இல் சிகாகோ ட்ரிப்யூன் இதழும் புரோபப்ளிக்கா அமைப்பும் வெளியிட்ட புலனாய்வுத் தொடர். மலிவான வீடுகள் மிகையாகவும் விலையுயர்ந்தவை குறைவாகவும் மதிப்பிடப்பட்டதை அது தரவுகளால் காட்டியது. மேல்முறையீடு இந்தக் கோணலை நிமிர்த்தவில்லை, மேலும் வளைத்தது. மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் வைக்கக்கூடியவர்கள் வசதி படைத்தவர்கள்தாமே. வரி மேல்முறையீட்டையே தொழிலாகக் கொண்ட சட்ட நிறுவனங்களை மாநிலப் பேரவைத் தலைவர் மைக்கேல் மேடிகன், சிகாகோ மாமன்ற உறுப்பினர் எட்வர்ட் பர்க் போன்ற அரசியல்வாதிகளே நடத்தி வந்தனர். அன்றைய மதிப்பீட்டாளர் ஜோசப் பெரியோஸ், கவுண்ட்டியின் ஜனநாயகக் கட்சித் தலைவராகவும் இருந்தார். (எவ்வளவு வசதியான ஏற்பாடு!) குடியிருப்போர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2018 கட்சித் தேர்தலில் பெரியோஸ் தோற்றார். அவருக்குப் பின் வந்த ஃபிரிட்ஸ் கேகியின் அலுவலகம், மாதிரியின் நிரல்களையும் தரவுகளையும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. கணினி மாறியதைவிட இந்தத் திறப்பையே பெரிய மாற்றமாக நாம் கருதுகிறோம்.

டெட்ராய்ட்டின் கதை இதைவிடக் கொடியது. அங்கே பழுது மதிப்பைப் புதுப்பிக்காததில் இருந்தது. 2008 நெருக்கடியில் வீட்டு விலைகள் சரிந்தன. ஏட்டில் இருந்த மதிப்பு அதே வேகத்தில் இறங்கவில்லை. நகர் முழுவதற்குமான மறுமதிப்பீடு பல பத்தாண்டுகளுக்குப் பின் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. வரிக்கான மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டலாகாது என்று மிச்சிகன் அரசமைப்பே சொல்கிறது. அதை மீறி, 2010க்கும் 2016க்கும் இடையே குறைந்தது 60 கோடி டாலர் மிகையாக விதிக்கப்பட்டதாக டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் கணக்கிட்டது. கட்ட முடியாதோரின் வீடுகள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தன. பெரும்பான்மை கறுப்பின மக்கள் வாழும் அந்நகரில், 2009க்குப் பின் மூன்றில் ஒரு வீடு இவ்வாறு பறிபோனது என்கிறார் சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹென். அவர்களில் பலர் வறுமையின் காரணமாகச் சட்டப்படி வரிவிலக்கு பெறத் தகுதியானவர்கள். விலக்குக்கான நடைமுறைதான் அவர்கள் எட்ட முடியாதபடி அமைந்திருந்தது. 2016இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் சமரசமாகி, தகுதியுள்ளோர் தம் வீட்டை 1,000 டாலருக்குத் திரும்பப் பெற வழி பிறந்தது. விலக்கு பெற வேண்டியவர் தன் வீட்டையே விலை கொடுத்து மீட்டார்.

கோணலை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு லட்சம் டாலருக்கு விலைபோன வீட்டுக்கு அரசு 1.10 லட்சம் குறித்திருக்கிறது, ஐந்து லட்சத்துக்கு விலைபோன வீட்டுக்கு 4 லட்சம் குறித்திருக்கிறது என்போம். விகிதங்கள் 1.10, 0.80. அவற்றின் சராசரி 0.95. மொத்த மதிப்பை மொத்த விலையால் வகுத்தால் 0.85. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.12 வருகிறது. மதிப்பீட்டு அலுவலர்களின் பன்னாட்டுச் சங்கம் ஏற்கும் வரம்பு 0.98 முதல் 1.03 வரை. அதைத் தாண்டினால் சுமை கீழ்நோக்கிச் சரிகிறது என்று பொருள். விற்பனை விலைகளும் அரசு குறித்த மதிப்புகளும் கிடைத்தால் ஒரு கல்லூரி மாணவர் மாலைப் பொழுதில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

நம் மண்ணில் இதே எண் எதிர்த்திசையிலும் வெட்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் 26ஆம் பிரிவில் இழப்பீட்டை, பதிவுக்கான வழிகாட்டி மதிப்பையும் அண்டை நிலங்களின் சராசரி விற்பனை விலையையும் ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது. சேரித் தெருவுக்கு ஊர்த்தெருவைவிடக் குறைவான மதிப்பு குறிக்கப்பட்டிருந்தால், அந்த இடைவெளியே இழப்பீட்டிலும் இறங்கிவிடும். பஞ்சமி நிலத்தில் இது மேலும் சிக்கலாகும். பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஒப்படைக்கப்பட்ட நிலத்துக்குச் சந்தை விலை எது என்று விற்பனைத் தரவை மட்டுமே கற்ற மாதிரி எப்படிச் சொல்லும்? எந்த விற்பனைகளைச் சேர்த்தீர்கள், எவற்றை விலக்கினீர்கள், தெருவாரியாக விகிதம் என்ன: இம்மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாகக் கேட்கலாம். அத்தகைய மென்பொருளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்பது நல்லது. பின்னர் கேட்டால் வணிக இரகசியம் என்ற பதில் வர வாய்ப்புண்டு.